நிக்கான் டி1 குடும்பமா, கேனன் 1டி-யா, கோடக் 760-ஆ: பழைய சிசிடி பாடி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய சிசிடி கேமராக்களுக்கு (சிசிடி என்பது ஒளியை உணரும் பழைய சென்சார் வகை) மறுபடி ஒரு மவுசு வந்திருக்கிறது. தோல் நிறமும் வான நீலமும் இன்றைய கேமராக்களில் வருவதைப் போல் இல்லாமல் வேறு மாதிரி வருகின்றன என்பதற்காகச் சிலர் தேடுகிறார்கள். ஒரு காலத்தில் கையெட்டாத விலையில் இருந்த தொழில்முறை கேமரா இப்போது சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வேறு சிலர். இரண்டு காரணமும் நியாயமானவைதான். ஆனால் வாங்க வருகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பில் மெகாபிக்சலைக் கேட்கிறார்கள். இந்த வயதுக் கேமராவில் அது மூன்றாவது நான்காவது கேள்வி. முதல் கேள்வி பேட்டரி. அடுத்தது, எந்த நிறவெளியில் (நிற எண்களுக்குப் பொருள் சொல்லும் முறையில்) படம் எழுதப்படுகிறது என்பது. அதற்கடுத்து, கையில் இருக்கும் லென்ஸும் ஃபிளாஷும் அதோடு பேசுமா என்பது.

ஒப்பிட எடுத்துக்கொள்ளத் தகுந்தவை ஐந்து: 1999 ஜூனில் நிக்கான் அறிவித்த டி1; 2001 பிப்ரவரியில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட டி1எச், டி1எக்ஸ்; அதே ஆண்டு செப்டம்பரில் கேனன் அறிவித்த ஈஓஎஸ்-1டி; கோடக்கின் டிசிஎஸ் 760. அதற்கு முந்தையவை காட்சிப் பொருள்கள். 1991-இல் வந்த கோடக்கின் முதல் டிசிஎஸ், நிக்கான் எஃப்3 பாடியோடு தோளில் தொங்கும் தனிப்பெட்டியும் உள்ளே 200 எம்பி ஹார்ட் டிஸ்க்கும் கொண்டது. அதை இன்று ஓடவைப்பது தனிக் கைவேலை.

டி1-இன் இடம் என்னவென்று சொல்ல விலை ஒன்று போதும். அதற்கு முந்தைய ஆண்டு கேனன் ஈஓஎஸ்-1என் பாடியில் கோடக் கட்டித்தந்த 2 மெகாபிக்சல் டிசிஎஸ் 520 ஏறத்தாழ 15,000 டாலர். டி1 ஜப்பானில் 6,50,000 யென். அமெரிக்காவில் 5,000 டாலருக்கும் 6,000 டாலருக்கும் இடையில். ஃபிலிம் பாடியின் அடியில் மின்னணுப் பெட்டியைச் செருகிய ஒட்டுவேலையாக இல்லாமல், ஒரு கேமரா நிறுவனமே அடியிலிருந்து முடிவரை செய்த தொழில்முறை டிஜிட்டல் எஸ்எல்ஆர் அது. பத்திரிகை அலுவலகங்கள் ஃபிலிம் கழுவும் அறையை மூட ஆரம்பித்ததற்கு இந்த விலைச் சரிவு பெரிய காரணம். அதனாலேயே டி1 மேல் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையை வைத்து மட்டும் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

டி1: பலமும் கோளாறும்

2.66 மெகாபிக்சல், படத்தின் அளவு 2000 x 1312. 300 டிபிஐ-யில் அச்சிட்டால் அகலம் 6.7 அங்குலம். செய்தித்தாளுக்கு 170 டிபிஐ போதும். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 12 அங்குல அகலம் கிடைக்கும். முதல் பக்கத்தில் தாராளமாகப் போடலாம். "2.7 மெகாபிக்சலை வைத்து எப்படித்தான் தொழில் செய்தார்கள்" என்று வியப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இயந்திரப் பகுதி இன்றும் குறை சொல்ல முடியாதது. எஃப்5, எஃப்100 வழியில் வந்த ஐந்து புள்ளி ஃபோகஸ், 1005 பிக்சல் வண்ண மீட்டர், நொடிக்கு 4.5 படம், தொடர்ந்து 21 படம். ஃபிலிம் சட்டத்துக்காக (ஃபிரேமுக்காக) வடிவமைத்த ஃபோகஸ் புள்ளிகள் சிறிய சென்சாருக்கு முன்னால் வந்ததால் சட்டத்தின் ஓரம் வரை பரவி நிற்கின்றன. எஃப்5-இல் நடுவில் குவிந்து கிடந்த அதே ஐந்து புள்ளிகள் இங்கே கூடுதலாக உதவுகின்றன.

கோளாறு நிறத்தில் இருக்கிறது. டி1 தன் ஜேபெக் படங்களை எஸ்ஆர்ஜிபி-யிலும் எழுதுவதில்லை, அடோபி ஆர்ஜிபி-யிலும் எழுதுவதில்லை. 1953-இன் என்டிஎஸ்சி தொலைக்காட்சி நிறவெளியில் எழுதுகிறது. ஆனால் அப்படி எழுதியிருப்பதாகக் கோப்பு எங்கும் சொல்லிக்கொள்ளாது. கணினி அதை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணித் திறக்கும். நிறங்கள் மங்கி, தோல் இயற்கைக்கு மாறான சாயலோடு தெரியும். "டி1-இல் தோல் நிறம் சரியில்லை" என்ற பழைய புகாரில் பெரும்பங்கு இதுதான். திருத்துவது எளிது. ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்து, அசைன் ப்ரொஃபைல் பட்டியலில் என்டிஎஸ்சி 1953-ஐக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கன்வர்ட் டு ப்ரொஃபைலில் எஸ்ஆர்ஜிபி. வரிசை மாறக் கூடாது. முதலாவது, இருக்கும் எண்களுக்குச் சரியான பொருளைச் சொல்கிறது. இரண்டாவது, அந்தப் பொருள் கெடாமல் எண்களை மாற்றுகிறது. நேரே கன்வர்ட் செய்தால் தவறான பொருளே நிலைத்துவிடும். நூறு படம் இருந்தால் ஒரு ஆக்‌ஷனாகப் பதிந்து ஓட்டலாம். ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாத சென்சார் தரவாக எடுத்தால், இந்தத் தொல்லையே கிடையாது. டி1-இன் நெஃப் (நிக்கானின் ரா) கோப்புகளை இன்றைய ரா மென்பொருள்கள் சாதாரணமாகத் திறக்கின்றன.

இரண்டாவது குறை, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வலுவில்லாதது. பாலியஸ்டர் கலந்த கறுப்புக் கோட்டை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். கோட்டு அரக்குச் சிவப்பாக நிற்கும், பக்கத்திலேயே பருத்திச் சட்டையின் கறுப்பு ஒழுங்காகக் கறுப்பாக இருக்கும். கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு துணிகள் படத்தில் இரண்டு நிறமாகிவிடுவதால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸை) எவ்வளவு திருகினாலும் இது தீராது. லென்ஸுக்கு முன்னால் பி+டபிள்யூ 486 போன்ற அகச்சிவப்பு வெட்டும் வடிகட்டி போட்டால் தீரும். அகலக்கோண லென்ஸில் மட்டும் மூலைகள் நீலப்பச்சையாகும். ஒளி சாய்ந்து நுழையும்போது அந்த வடிகட்டியின் வெட்டு எல்லை நகர்ந்துவிடுவது காரணம். இதே குறை ஒரு சாராருக்கு வரம். ஹோயா ஆர்72 வடிகட்டியோடு அகச்சிவப்புப் படம் எடுக்க டி1-ஐத் தேடி வாங்குகிறார்கள். பாடியைப் பிரித்து வடிகட்டியை மாற்றும் செலவு இல்லாமலே அது நடக்கிறது.

மூன்றாவது, வெளிச்சத்தின் மேல் எல்லை குறுகல். உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் சட்டென்று காணாமல் போகும். அந்த இடத்தில் பிறகு எதையும் மீட்க முடியாது. எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.7 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வைத்து எடுத்தால் மடிப்பு நிற்கும், நிழல் இருண்டு போகும். ஐஎஸ்ஓ 200, 400-இல் அந்த நிழலை மேலே தூக்கலாம். 800-க்கு மேல் தூக்கினால் நிழலுக்குள் கோடு கோடாக இரைச்சல் தெரியும். ஃபிலிமின் குருணை போல அது கண்ணுக்கு இதமாக இருக்காது; வரிசையாக நிற்பதால் உறுத்தும். ஆகவே டி1 என்பது நல்ல வெளிச்சத்தில் 200, மிஞ்சினால் 400 என்று வைத்துக்கொள்வது நல்லது. 1600 வரை அமைப்பு இருப்பது செய்தியைத் தவறவிடாமல் பிடிப்பதற்காக.

மெனு பற்றியும் ஒரு வார்த்தை. கஸ்டம் அமைப்புகள் வெறும் எண்களாக வரும். எந்த எண் எதற்கு என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி1எச், டி1எக்ஸ்: ஒரே பாடி, இரண்டு போக்கு

இரண்டிலும் எஸ்ஆர்ஜிபி-யும் அடோபி ஆர்ஜிபி-யும் உண்டு. மேலே சொன்ன நிறத் தலைவலி ஜேபெக்கில் தீர்ந்தது என்பதற்காகவே டி1-ஐ விட்டு இவற்றுக்கு வரலாம்.

டி1எச் பழைய 2.66 மெகாபிக்சலிலேயே நின்று வேகத்தைப் பிடித்தது. நொடிக்கு 5 படம், தொடர்ந்து 40. விளையாட்டுக்கும் செய்திக்கும் ஆனது. டி1எக்ஸ் 5.3 மெகாபிக்சல், 3008 x 1960 படம். வேகம் நொடிக்கு 3, தொடர்ந்து 9 மட்டுமே.

டி1எக்ஸின் சென்சார் விசித்திரமானது. அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. கிடையாக 4028 புள்ளிகள், நெட்டாக 1324 மட்டுமே. அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரமில்லை. அகலத்தைப் போல் இரண்டு மடங்கு உயரமான செவ்வகம். டி1 குடும்பத்தின் சென்சாரில் உண்மையில் ஒரு கோடிக்கு மேல் ஒளிக்கண்கள் இருந்தன. டி1-இல் அவை நான்கு நான்காகச் சேர்ந்து ஒரு புள்ளியாயின. டி1எக்ஸில் நெட்டுக்கு இரண்டிரண்டாகச் சேர்ந்தன. கேமரா 4028-ஐ 3008-ஆகச் சுருக்கி, 1324-ஐ 1960-ஆக இழுத்துச் சரியான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. விளைவாக, கிடைத் திசையில் நுணுக்கம் உண்மையாகவே கூடுதல். நெட்டுத் திசையில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஊதப்பட்டது.

கட்டடத்தை எடுத்தால் இது பளிச்சென்று தெரியும். நிற்கும் தூண்களின் விளிம்பு கத்தியாக இருக்கும். படிக்கட்டின் கிடைக்கோடுகள் சற்று மழுங்கி, தூரத்தில் பல்பல்லாக வரும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் இது அப்படியே மாறும். ஆகவே எந்தக் கோடுகள் முக்கியமோ அவை சட்டத்தின் நீளப் பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி பிடிக்க வேண்டும். ராவில் எடுத்தால் கூடுதல் லாபம் உண்டு. நிக்கான் கேப்சர் 3 என்ற மென்பொருள் 4028 புள்ளிகளைச் சுருக்காமல் 10 மெகாபிக்சல் அளவில் கோப்பு தந்தது. அதில் கிடை நுணுக்கம் வீணாகாது. 10 மெகாபிக்சல் கேமராவுக்கு இணை என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். நெட்டுத் திசையில் தகவல் அதே 1324 வரிகள்தான்.

டி1எக்ஸின் அடிப்படை ஐஎஸ்ஓ 125. டி1எச்-இல் 200. ஆளுருவம், பொருள் படம், சுவரில் மாட்டும் 10 அங்குல அச்சு என்றால் டி1எக்ஸ். ஓடும் குழந்தையும் ஆடும் மேடையும் என்றால் டி1எச். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும், ராவில் எடுத்து உட்கார்ந்து திருத்தப் பொறுமையும் இருக்கிறது என்றால் டி1எக்ஸ்தான் என் தேர்வு. கேமரா ஜேபெக்கையே நம்புகிறவருக்கு டி1எச்.

லென்ஸில் டி1, டி1எச், டி1எக்ஸ் மூன்றுக்கும் ஒரே விதி. பாடியில் லென்ஸின் ஃபோகஸைச் சுழற்றும் திருகு மோட்டார் இருப்பதால் ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்கள் எல்லாம் ஃபோகஸ் செய்யும். ஏஎஃப்-எஸ், ஜி வகை, டிஎக்ஸ் வகை, விஆர் எல்லாம் வேலை செய்யும். சென்சார் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது, 1.5 மடங்கு நறுக்கு என்பதால் 28 மிமீ லென்ஸ் 42 போல நடந்துகொள்ளும். 1999-இல் அகலக்கோணம் பெரும் பஞ்சம். 2003-இல் 12-24 டிஎக்ஸ் வந்த பிறகே தீர்ந்தது. இன்று அந்தப் பஞ்சமில்லை. பழைய ஏஐ-எஸ் கைமுறை லென்ஸ்களோடு மையச் சார்பு மீட்டரும் ஸ்பாட் மீட்டரும் கிடைக்கும். வேலை செய்யாதவை இரண்டு: மின்காந்தத் துளை கொண்ட இ வகையும், ஏஎஃப்-பி வகையும். இ வகையில் துளை மூடவே மூடாது. ஏஎஃப்-பி-யில் ஃபோகஸ் நகராது.

ஃபிளாஷில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். இந்த மூன்றும் ஃபிளாஷ் அளவை லென்ஸ் வழியே அளக்கும் டி-டிடிஎல் என்ற இடைக்கால முறையைப் பயன்படுத்துகின்றன. அதற்கு எஸ்பி-28டிஎக்ஸ், 50டிஎக்ஸ், 80டிஎக்ஸ் வேண்டும். பின்னால் வந்தவற்றில் எஸ்பி-600, எஸ்பி-800 இரண்டும் இந்த மொழியும் பேசும். எஸ்பி-700, எஸ்பி-900 பேசாது. அவற்றைக் கையாலே திருகி அளவு வைக்கலாம். பெயரில் டிஎக்ஸ் இல்லாத வெறும் எஸ்பி-28 அதன் சொந்தக் கண்ணால் அளக்கும் ஏ முறையில் நன்றாகவே ஓடும்.

கேனன் 1டி

4.15 மெகாபிக்சல், 2464 x 1648 படம், நொடிக்கு 8 படம், ஜேபெக்கில் தொடர்ந்து 21, ராவில் 16. 45 புள்ளி ஃபோகஸ், ஈஓஎஸ்-1வி வழி வந்த நீர், தூசுக் காப்புள்ள பாடி. நறுக்கு 1.3 மட்டும் என்பதால் 17-40 லென்ஸ் 22-இல் தொடங்கும். 1டி வரிசையில் சிசிடி கொண்டது இது ஒன்றே. 2004-இல் வந்த மார்க் 2-இலிருந்து சிமோஸ் என்ற வேறு வகை சென்சார்.

ஐந்திலும் முழுமையாக வேலைக்கு ஆகும் கேமரா எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். எந்த இஎஃப் லென்ஸும் பொருந்தும். இஎக்ஸ் வரிசை ஃபிளாஷ் எதுவானாலும் இ-டிடிஎல்-இல் அளந்து அடிக்கும். இஎஃப்-எஸ் லென்ஸ் மட்டும் மாட்டவே மாட்டாது. படத்தோடு குரல் குறிப்பும் பதியலாம். எதிரே நிற்பவர் பெயரைச் சொல்லி வைத்துக்கொள்ளச் செய்தியாளர்களுக்கு உதவியது.

குறைகளும் உண்டு. நிழல்களில் ஐஎஸ்ஓ 800-க்கு மேல் கோடுகள் இதிலும் வரும்; வெளியான காலத்தில் இதைப் பற்றியே அதிகம் பேசினார்கள். எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்து மென்பொருளில் தூக்கினால் மோசமாகும். வெள்ளை வெடிக்காத அளவுக்குத் தாராளமாக ஒளி விட்டு எடுத்தால் பெருமளவு மறையும். டி1-க்குச் சொன்னதற்கு நேர் எதிரான பழக்கம் இது. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் குழம்பும் இடம். மெனுவும் கையைப் பழக்கும்: பொத்தானை அழுத்தியபடியே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், விட்டால் தேர்வு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு பெரிய ஆபத்து. 1டி-யின் ரா கோப்புக்குப் பெயர் நீட்சி டிஃப். சாதாரணப் படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தால் உள்ளே பொதிந்த சின்னப் படம் மட்டும் தெரியும். "படம் இவ்வளவுதானா" என்று ஏமாந்து, திருப்பிவிட்டு சேமித்தால் அசல் ரா அழிந்து அந்தச் சின்னப் படமே மிஞ்சும். கார்டிலிருந்து இறக்கியதும் கோப்புறையைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். ரா மென்பொருள் வழியாக மட்டும் திறந்து, உருவாகும் படத்தை வேறு கோப்புறையில் எழுதுங்கள்.

1டி-யும் டி1 குடும்பமும் ஒரு வித்தையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஷட்டர் 1/16000 வரை போவதும் ஃபிளாஷ் 1/500-இல் இணைவதும், வேகமான ஷட்டரை இயந்திரத் திரை செய்யாமல் சிசிடியே மின்னணுவாகத் திறந்து மூடுவதால். ஒரே கணத்தில் சட்டம் முழுதும் ஒளி வாங்குகிறது. பிசி சாக்கெட் வழியாகக் கம்பி போட்டு, கேமராவோடு பேசாத சாதா ஃபிளாஷை இணைத்தால் 1/500-ஐத் தாண்டியும் ஒளி சட்டம் முழுதும் விழும். நண்பகல் வெயிலை அடக்கி முகத்துக்கு ஃபிளாஷ் போடுவதற்கு இன்றைய விலையுயர்ந்த பாடிகளில் கூட இது எளிதில் கிடைக்காது. ஃபிளாஷை முழுச் சக்தியில் வைக்காதீர்கள். முழுச் சக்தியில் மின்னல் நீண்ட நேரம் நிற்கும், ஷட்டர் அதன் வாலை வெட்டிவிடும். கால் சக்திக்குக் கீழே வைத்தால் மின்னல் சுருங்கிச் சட்டத்துக்குள் அடங்கும். இதற்கு விலையும் உண்டு: மிக வேகமான ஷட்டரில் சூரியனையோ அதன் எதிரொளிப்பையோ சட்டத்துக்குள் வைத்தால் அதிலிருந்து நெட்டாக ஒரு வெளிச்சப் பட்டை இறங்கும்.

கோடக் 760

6 மெகாபிக்சல், எஃப்5 பாடி, 1.3 நறுக்கு, ஐஎஸ்ஓ 80 முதல் 400. நாசா இதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த பூமிப் படங்கள் பலவற்றில் இதன் பெயர் இருக்கிறது. ஐஎஸ்ஓ 80-இல், முக்காலியில், நல்ல விளக்கொளியில் இது தரும் நிறத்தை இந்த ஐந்தில் வேறெதுவும் தராது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வேகம் நொடிக்கு ஒன்றரைப் படம், 400-இல் நிழல் கலங்கும், எடையோ தோளை அழுத்தும். மங்கலாக்கும் வடிகட்டி கழற்றத்தக்கது. கழற்றி எங்கோ வைத்துவிட்ட பாடிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. அது இல்லையென்றால் நெருக்கமான நெசவுத் துணியில் வானவில் அலைகள் வரும். ராவுக்கு டிசிஆர் கோப்பு. கோடக் 2005-இல் தொழில்முறை டிஜிட்டல் எஸ்எல்ஆர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. தனி வடிவப் பேட்டரியும் சார்ஜரும் கூடவே வராவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

பேட்டரியும் கார்டும்

டி1 மூன்றுக்கும் இஎன்-4: 7.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, உள்ளே 6 செல். 1டி-க்கு என்பி-இ3: 12 வோல்ட், 10 செல். இருபது ஆண்டு தாண்டிய அசல் பேட்டரிகள் பெரும்பாலும் முடிந்துபோனவை. எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் சாவதில்லை என்பதுதான் வில்லங்கம். ஒன்று மட்டும் மெலிந்தால், கண்ணாடி எழும்பி மோட்டார் இழுக்கும் அந்த நொடியில் மொத்த வோல்டேஜும் சரிந்து, கேமரா பேட்டரி காலி என்று நினைத்து அணைந்துவிடும். சற்று நேரம் கழித்துப் போட்டால் முழுதாகக் காட்டும். "கேமராவில் கோளாறு" என்று மலிவாகத் தள்ளிவிடப்படும் பாடிகளில் பலவற்றுக்கு உண்மையில் இந்தப் பேட்டரி நோய்தான்.

செல் மாற்றித் தருபவரிடம் கொடுத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். செல்கள் ஒரே திறன் உள்ளவையாகப் பொருத்திப் பார்க்கப்பட்டவையா. பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் இணைப்பாரா, ஏனென்றால் சால்டரிங் சூடு செல்லின் மூடியைக் கெடுக்கும். பழைய பேட்டரிக்குள் இருந்த வெப்ப உணரியைப் புதியதில் திரும்ப வைப்பாரா. மூன்றாவதை விட்டுவிட்டால் சார்ஜர் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் பேட்டரியை வறுத்துவிடும். இவ்வகைப் பேட்டரி சும்மா கிடந்தாலும் வடியும். எடுக்கப் போகும் முதல் நாள் இரவு சார்ஜ் போடுங்கள். 1டி-யில் தேதி நிற்கவில்லை என்றால் அது தனியே உள்ள சிஆர்2025 பட்டன் செல், சில ரூபாயில் முடியும்.

கார்டு எல்லாவற்றிலும் காம்பாக்ட் ஃபிளாஷ். கோடக்கில் பிசி கார்டு அடாப்டருக்குள் அதைச் செருக வேண்டும். 1 ஜிபி, கூடினால் 2 ஜிபி. பெரிய கார்டை இவை படிக்குமா என்று பரிசோதிப்பதில் பொழுதைக் கழிக்க வேண்டாம்: டி1-இன் ரா ஒன்று சுமார் 4 எம்பி, 1 ஜிபி-யில் 250 படம் அடங்கும், பேட்டரி அதற்கு முன்பே சோர்ந்துவிடும். எஸ்டி-யை சிஎஃப் ஆக்கும் அடாப்டர்கள் சில நேரம் ஓடும், சில நேரம் படம் எழுதும் நடுவில் நின்றுவிடும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஃபயர்வயர் துளை கேமராவைக் கணினியோடு கட்டி எடுப்பதற்கு. படத்தை இறக்கக் கார்டு ரீடரே போதும்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

முதலில் கார்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்து 50 ஊசிகளும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் கார்டைச் செருகும்போது முறியும். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு 1 நொடி, 8 நொடி இரண்டும் எடுத்துப் பெரிதாக்குங்கள். சில வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. நெட்டுக்கு முழு வரி ஒளிர்ந்தால் அந்த சிசிடியில் ஒரு வரிசை போய்விட்டது, வேண்டாம். வெளிறிய சுவரை எஃப்/22-இல் எடுத்தால் தூசு தெரியும். தூசு விளிம்பு தெளிந்த புள்ளியாக இருக்கும், துடைத்தால் போகும். சிலந்தி வலை போல நூல் பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரத்தில் கிடந்த பாடிகளில் இது வரும், வடிகட்டியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தும் பயனில்லை.

அதே சுவரை ஐஎஸ்ஓ 1600-இல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். இந்த ஐஎஸ்ஓ இல்லாத கோடக்கில் 400 வையுங்கள். கோடுகள் வரும், அது இந்த வயதின் இயல்பு. கோடுகளின் அடர்த்தி சட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் கூடுதலாக இருந்தால் மின்பலகையில் சிக்கல். அடுத்து 1/250-இலும் 1/16000-இலும் ஒவ்வொன்று (கோடக்கில் 1/8000 வரைதான்). 1/250-இல் மேலோ கீழோ இருண்ட பட்டை விழுந்தால் திரை ஒட்டுகிறது. நிக்கானில் திருகு மோட்டாரைச் சோதிக்க ஏஎஃப்-டி லென்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டிக் காட்டினால் அந்த மோட்டார் செத்துப்போயிருந்தாலும் தெரியாது. பிடியின் ரப்பர் கழன்றிருப்பது டி1 குடும்பத்தில் சகஜம், பசை போட்டு ஒட்டலாம். அதை வைத்து விலையைக் குறைக்கலாம்.

டி1 வாங்குபவர் ஈஎச்-4 மின் அடாப்டர் கூட வருகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். சென்சாரைத் துடைக்கக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் அமைப்பு அந்த அடாப்டர் இல்லாமல் வேலை செய்யாது. அது இல்லாதவர்கள் பல்ப் அமைப்பில் ஷட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு துடைக்கிறார்கள். மேலே சொன்ன மெலிந்த பேட்டரி அந்த நேரம் பார்த்துச் சரிந்தால் துடைப்பான் மேலேயே திரை மூடும். மெல்லிய திரைத் தகடு வளைந்துவிடும். அடாப்டர் கிடைக்கும் வரை, கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக் கையால் அழுத்தும் ஊதுகுமிழால் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.